வெற்றிலை வாங்கக் கை எங்கே?

ஒரு வாளைவிட இரண்டு வாள் இரட்டைப் பலம் என்று பாளையத்துத் தளபதி நாகலப்பர் கண்டுபிடித்துவிட்டார். கேடயங்களையெல்லாம் உருக்கி, ஒவ்வொரு வீரனுக்கும் இன்னொரு வாள் அடிக்கச் சொல்லி உத்தரவும் போட்டார்.

ஆயுதசாலையில் துரு தேய்க்கும் ஒச்சம்மாவின் தம்பியும் அந்தப் படையில்தான் இருந்தான். அவள் ஆயுதசாலைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கேடயத்தைத் தரமாட்டேன்" என்றாள்.

"அப்படியானால் களத்துக்கு வா. தோற்றால் ஊரைவிட்டே ஓடணும்!" என்று உறுமினார் தளபதி.

களத்தில் ஆயுதத்தைத் தரையில் வைத்தவர் தோற்றவர். அது ஊர் வழக்கம்.

மறுநாள் நாகலப்பர் உறைகளைத் தூர வீசிவிட்டு, இரண்டு வாளையும் சுழற்றிக்கொண்டு வந்தார். ஒச்சம்மா முன்கையில் ஒரு கேடயத்தை மட்டும் மாட்டியிருந்தாள்.

"முதல்ல ராசா கையால வெத்திலை வாங்கணும், சாமி. அதுதானே முறை?" என்றாள்.

பாளையக்காரர் வெற்றிலையை நீட்டினார். ஒச்சம்மா இரு கையும் ஏந்தி வாங்கினாள். தளபதி திருதிருவென்று விழித்தார். உருவிய வாளை ராசா முன் நீட்டலாமா? அக்குளில்தான் இடுக்கலாமா? வேறு வழியில்லாமல் இரண்டையும் கீழே வைத்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இது சூழ்ச்சி!" என்று கத்தினார் தளபதி.

"வெத்திலை வாங்கவே கை இல்லை. எதிரி வெட்ட வந்தா எதைக் காட்டித் தடுப்பீங்க? என் தம்பி கழுத்தையா?" என்றாள் ஒச்சம்மா.