டவுனுக்கு நடந்து போன சேத்தூரணிக் குடம்

சேத்தூரணியில் மொத்தம் பதினோரு வீடு. அந்தப் பதினோரு வீட்டுப் புத்தியையும் ஒரே பானையில் போட்டுப் பொங்கினால் ஓர் ஆளுக்குக் காணாது. மனசைப் பொங்கினாலோ, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாளைக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஊருக்குத்தான் வெயிலுமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள் சுகிர்தா. கான்வென்டில் பன்னிரண்டாவது வரை படித்தவள்.

வந்த முதல் மூன்று நாள் அவளுக்குக் கொடுத்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் சொம்பைப் பார்த்தால் டீ மாதிரி இருந்தது. முதல் மூன்று நாள் தெளிவாகத் தெரிந்தது கல்யாண மயக்கத்தில்தான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ஊரணித் தண்ணீர் என்றால் அப்படித்தான். மாடு இறங்கும், மழை இறங்கும், சேறு மட்டும் ஏறும்.

மகிழினி பிறந்த பிறகு அந்த டீ நிறம் சுகிர்தாவின் தூக்கத்தைத் தின்றது. ஒன்றரை வயதில் பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாவது தடவை வந்தால் பிள்ளை தாங்குமா என்ற கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வீட்டில் அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள். ஆனால் மகிழினிக்கு நடக்க வந்துவிட்டதே! காலையில் கிளம்பினால் பதினோரு வீடும் ஏறி இறங்கிவிட்டுத்தான் வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முத்தம், ஒரு வாய் ஊரணித் தண்ணீர்.

"மாமா, பிள்ளைக்கு அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க மாமா" என்று கணவனின் தாய்மாமன் தவசிக்கண்ணிடம் கெஞ்சினாள். அவர்தான் ஊர் நற்பணி மன்றத் தலைவர்.

தவசிக்கண் வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம வீட்டுப் புள்ளைக்கு எதுக்குத் தாயி அந்த உபசாரமெல்லாம்? அவ என்ன வேத்தாளா?"

அரசாங்கத்துக்கு நாலு மனு போட்டாள். நாலு தடவையும் ஓர் அதிகாரி வந்தார். ஊர் கூடி உபசரித்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார், 'குடிநீர் நன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நாலு அதிகாரிக்கும் எப்படி ஒரே மாதிரி கண் கெட்டுப்போகும் என்று சுகிர்தாவுக்கு விளங்கவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. எங்கோ ஒரு ஊரில் ஓர் அம்மா எழுநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாராம். அதைப் பார்த்து மனசு இளகியவர்கள் பணம் கொடுத்து, ஒரு கிராமத்துக்குச் சுத்திகரிப்பு இயந்திரம் வந்துவிட்டதாம். சுகிர்தா அதை மன்றத்தில் உரக்கப் படித்தாள்.

மறுநாள் காலை பூவலிங்கத்தைக் காணோம். இவன் வெயிலுமுத்துவின் சேக்காளி, மன்றத்தின் செயலாளர். தேடிப் போனால், வற்றிப்போன அடிபம்புக்குப் பக்கத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தான். பின்சக்கரம் காற்றில் சுற்றியது.

"மதினி, பம்புல ஏதாச்சும் வருதான்னு பாருங்க."

"வரலையே."

"வராது. இன்னும் எழுநூறு ஆகலைல்ல" என்று மூச்சு வாங்கினான். சாயங்காலம் சீட்டுதான் கிழிந்தது.

இவர்களை நம்பினால் ஆகாது என்று சுகிர்தாவே டவுனில் இருந்த ஓர் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினாள். ஒரே வாரத்தில் பதில் வந்தது. சேத்தூரணியிலிருந்து டவுனுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். அதை இரண்டு நாளில் நடந்து வர வேண்டும். ஊர் குடிக்கிற தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவர வேண்டும். முடிவில் பொதுமக்கள் முன்னால் அதைச் சோதிப்பார்கள். பார்த்தவர்கள் கொடுப்பார்கள். இயந்திரம் வரும். கூடவே நடப்பவர்களுக்கு மூன்று விதிகள்.

தவசிக்கண்ணுக்கு ஒரே கவலை. "தாயி, பெரிய மனுசங்க கூடுற எடத்துக்கு இந்தக் கலங்கலையா சொமந்துட்டுப் போறது?"

"இதேதான் மாமா போகணும். இது எவ்வளவு கலங்கலா இருக்கோ அவ்வளவு நல்லது."

அவர் தலையைச் சொறிந்தார். சுகிர்தா ஊரணியிலேயே மிக மோசமான மூலையில் இறங்கித் தன் கையாலேயே குடத்தை நிரப்பி, வாயில் மஞ்சள் துணி கட்டினாள். இத்தனை சேற்றை இத்தனை பத்திரமாக யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் பதினோரு வீட்டுத் தண்ணீர். அதனால் இடுப்பில் மகிழினி, பையில் காய்ச்சிய தண்ணீர் பாட்டில் என்று, நடக்க முன்வந்த தவசிக்கண், வெயிலுமுத்து, பூவலிங்கம் மூவரோடு அவளும் கிளம்பினாள்.

முதல் விதி: ஒருவர் பின் ஒருவராக நடக்கவும்.

ஊர் எல்லைக் கல்லிலேயே நின்றுவிட்டார்கள்.

"நான் வெயிலுமுத்துக்குப் பின்னாடி. அவன் பூவலிங்கத்துக்குப் பின்னாடி. சரி, பூவலிங்கம் யாருக்குப் பின்னாடி?" என்று கேட்டார் தவசிக்கண்.

"எனக்கு முன்னாடி ஆளே இல்லையே! விதிய நான் மட்டும் மீறணுமா?" என்றான் பூவலிங்கம், கண் கலங்க.

யோசித்தார்கள். பிறகு பூவலிங்கம் தவசிக்கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றான். மூவருக்கும் திருப்தி. நடந்தார்கள். எல்லைக் கல்லைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் விதி பிசகாமல் நடந்தார்கள்.

"பாதி தூரம் வந்திருப்போமா சுகி?" என்றான் வெயிலுமுத்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

சுகிர்தா கண்ணை மூடித் திறந்தாள். "ஏழு மணி பஸ்ஸு முன்னாடி போயிருக்குல்ல? பூவலிங்கம் அதுக்குப் பின்னாடிதான் நடக்கிறாரு."

"அட!" என்றார்கள் மூவரும். வட்டம் அவிழ்ந்து டவுனைப் பார்த்து நீண்டது.

இரண்டாவது விதி: வழியில் உங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரிடமும் நடையின் நோக்கத்தைச் சொல்லவும்.

நாலாவது கிலோமீட்டரில் ஓர் எருமை தலையைத் தூக்கியது.

"நம்மளப் பாக்குதா, இல்லையா?" என்றார் தவசிக்கண்.

"பாக்குது மாமா."

"அப்ப சொல்லித்தான் ஆகணும்." எருமையின் முன்னால் கை கட்டி நின்று ஊரணியின் வரலாறு முழுக்கச் சொன்னார். அது கடைசிவரை அசை போட்டுக்கொண்டு கேட்டது. "அதிகாரிங்கள விட இது தேவலை. குறுக்க பேசல" என்றார். அதன் பிறகு ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, டிராக்டரில் போன கல்யாணக் கோஷ்டி, சுவரொட்டியில் சிரித்த வேட்பாளர் ஒருவர் என எல்லோருக்கும் சொல்லியாயிற்று. டிராக்டர்க்காரர்கள் மட்டும் பதிலுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் எறிந்தார்கள்.

மூன்றாவது விதி: கால் வலித்தால் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும்.

குடம் பூவலிங்கத்தின் தோளில். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அவன் முகம் பழுத்துவிட்டது.

"உக்காருங்களேன் பூவலிங்கம்" என்றாள் சுகிர்தா.

"எப்படி மதினி? வலிக்கிறது தோளுல்ல. காலு நல்லாத்தான இருக்கு."

தவசிக்கண் ஆழ்ந்து யோசித்துவிட்டு அவன் காலைத் தன் செருப்புக் காலால் ஓங்கி மிதித்தார். "ஐயோ!" என்று அவன் உட்கார்ந்தான். "இப்ப வலிக்குதா? நல்லா ஓய்வெடு" என்றார் அன்போடு.

அன்று இருட்டுவதற்குள் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவை அடைந்தார்கள். சுகிர்தா குடத்துத் துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் பத்திரம். படுத்ததுதான் தெரியும்.

விடிந்து எழுந்தபோது மூவரும் குளித்து, விபூதி பூசி, குடத்தைத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மஞ்சள் துணி அதே முடிச்சோடு இருந்தது. பக்கத்தில் மூன்று கல், கொஞ்சம் சாம்பல். வரக்காப்பி போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லாமலே ஒரு காரியம் செய்திருக்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது.

டவுனில் பந்தல் போட்டு முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். முப்பத்திரண்டு கிலோமீட்டர் நடந்த கால்களுக்குக் கைதட்டல் இடிபோல விழுந்தது. அறக்கட்டளைப் பொறியாளர் ஒருவர், கண்ணாடி போட்டவர், மைக்கில் சொன்னார்: "இந்தத் தாய் தன் பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்திருக்கிறார். அந்தப் பிள்ளை தினமும் குடிக்கும் தண்ணீரை இப்போது நீங்களே பாருங்கள்."

மஞ்சள் துணியை அவிழ்த்து, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றினார்.

ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பல்லை எண்ணலாம் போல இருந்தது. வெட்டிவேர் வாசம் பந்தலின் கடைசி வரிசை வரை போயிற்று.

பொறியாளர் ஜாடிக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது உங்க ஊர்த் தண்ணிதானா?"

"குலசாமி சத்தியமா எங்க ஊரணித் தண்ணி" என்றார் தவசிக்கண். உண்மைதானே.

"இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு தண்ணிய நான் பார்த்ததில்ல!"

சுகிர்தா கத்தினாள். "ஐயா, இது எங்க தண்ணி இல்ல! எங்க தண்ணி இதைவிட மோசம்!" தண்ணீரைப் பற்றி இவ்வளவு தன்னடக்கமாகப் பேசும் ஊரா என்று கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. இயந்திரம் வேறோர் ஊருக்குப் போயிற்று. சேத்தூரணிக்கு 'சிறந்த நீர்நிலை' என்று பொறித்த கேடயம் கிடைத்தது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பந்தலுக்குப் பின்னால் சுகிர்தா பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "என்ன மாமா செஞ்சீங்க?"

"மூணு தடவ வேட்டியில வடிகட்டி, தேத்தாங்கொட்டை உரசிப் போட்டு, சேறு அடங்குனதும் மேலாப்ல இறுத்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அண்டாவுல கொதிக்க வச்சு, வெட்டிவேரு போட்டோம் தாயி. நாலு பெரிய மனுசங்க முன்னாடி கலங்கல வச்சா ஊருக்கு மானம் போயிராதா?"

"இது... இது உங்களுக்கு எப்பவுமே தெரியுமா?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட! விருந்தாளி வந்தா அப்படித்தான குடுப்போம். மூணு நாளைக்கு. விருந்தும் மருந்தும் மூணு நாள்தான? நீ கல்யாணமாகி வந்தப்ப குடிச்சியே, மறந்துட்டியா?"

நாலு அதிகாரிகளும் சுகிர்தாவின் கண்முன்னால் வரிசையாக வந்து போனார்கள். ஒருவர் பின் ஒருவராக.

"அப்ப என் மகளுக்கு?"

மூவரும் பதறிவிட்டார்கள். "அவ நம்ம புள்ள மதினி! அவளப் போயி வெளியாளாக்கச் சொல்றீங்களே!" என்றான் பூவலிங்கம்.

சுகிர்தா அழுகையை நிறுத்தினாள். இந்த ஊரில் இரண்டரை வருஷம் குப்பை கொட்டியது வீண்போகவில்லை. கேடயத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். ஊருக்குள் உடனே போகவில்லை. அவர்கள் அடுத்த பஸ்ஸில் வந்து வீடு சேரும்வரை எல்லைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, பிள்ளையின் கையில் துணிப்பையைக் கொடுத்து, தன் வீட்டுக் கதவையே தட்டினாள்.

"யாரு?" என்றான் வெயிலுமுத்து.

"வெளியூருங்க. எல்லைக் கல்லு தாண்டி வர்றோம். பாப்பாவுக்குத் தாகமா இருக்கு."

வெயிலுமுத்து நல்ல வளர்ப்பு. "வாங்க வாங்க! உக்காருங்க!" என்று துண்டால் பாயைத் தட்டிப் போட்டான். கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. அடுத்து பத்து வீட்டுக் கதவையும் தட்டினாள். பத்து வீட்டிலும் தேத்தாங்கொட்டை உரசும் சத்தம் கேட்டது.

மூன்று நாள் முடிந்து நாலாம் நாள் காலையில் எல்லைக் கல்வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடி மூன்று நாள். இப்படியே இரண்டு மாதம். மகிழினியின் வயிறு அடங்கி, கன்னத்தில் சதை வைத்தது. சுகிர்தா ராத்திரி தூங்கினாள்.

ஊர் இதைப் பார்க்காமல் இருக்குமா? "வெளியூர்க்காரப் புள்ள எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாரு. நம்ம புள்ளைங்களும் இருக்கே!" என்றாள் பூவலிங்கத்தின் மனைவி. அவளும் பையைத் தூக்கினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு வீட்டு ஜனமும் பை, பாய், கேடயம் சகிதம் எல்லைக் கல்லுக்குப் போய்த் திரும்பி வந்து, அவரவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

யாரும் திறக்கவில்லை.

"ஏலே, உள்ள ஆளு இருக்கா?" என்று தவசிக்கண் தன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஒரு ஈ காக்கா இல்ல. குடும்பத்தோட எங்கயோ போயிருக்காங்க."

"என் வீட்டுலயும் இல்ல மாமா" என்றான் பூவலிங்கம், மிகவும் புண்பட்ட குரலில். "இவ்வளவு தூரம் வந்தவங்கள இப்படியா நிக்க வைக்கிறது? என்ன ஜனங்களோ!"

"திரும்பிப் போயிருவமா?"

"போகக் கூடாதுப்பா. வீட்டுக்காரங்க வந்து, நாம வந்துட்டுப் போனது தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாங்க. பாவம்."

ஆகவே பதினோரு வீட்டாரும் தங்கள் வாசலில் உட்கார்ந்து தங்களுக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. சுகிர்தா மட்டும், பரிசு வாங்கிய குடத்தில் காலையிலேயே தெளியவைத்துக் கொண்டுபோயிருந்த தண்ணீரை மகிழினிக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

நண்பகல் தாண்டியதும் தவசிக்கண் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அவளிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"தாயி, நீ படிச்சவ. அடுத்த தடவ நாங்க கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே, இன்ன தேதிக்கு வர்றோம், தயவுசெஞ்சு வீட்டுல இருங்கன்னு எங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுரு."