சிறுத்தையின் தொண்டையில் ஆணி

நாய்களைக் கட்டிப்போட்டார்கள். அதுதான் நடந்த தப்பு. சிறுத்தையைத் திட்டிப் பயனில்லை. அது பசிக்குத் தின்றது.

அந்தக் காலத்தில் மிருகங்கள் எல்லாம் பேசும். மற்றவை அதனதன் குரலில் பேசின. சிறுத்தைக்கு மட்டும் யார் குரலும் வரும். ஊசிக்கல் மலைப் பாறையில் படுத்துக்கொண்டு, கீழே ஆட்டுப்பட்டிகளில் ஆட்கள் பேசுவதைப் பகல் முழுக்கக் கேட்கும். பொழுது சாய்ந்ததும் அதே குரலில் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடும். எசமான் கூப்பிடுகிறான் என்று நாய் வாலை ஆட்டிக்கொண்டு புதருக்குள் ஓடும். திரும்பி வராது. காவல் இல்லாத பட்டியில் அடுத்தது ஆடு போகும்.

பட்டிக்காரர்கள் கூடினார்கள். பெரிய மந்தை ராக்கியப்பனுடையது. அதனால் அவன் பேச்சுதான் எடுபட்டது.

"கூப்பிட்டாப் போகுது, அவ்வளவுதானே. போக முடியாதபடி பண்ணுங்க. பட்டி வாசல்ல முளை அடிச்சு, நாய்க் கழுத்துல தோல்பட்டை போட்டு, கயித்துல கட்டுங்க. முடிஞ்சுது."

கட்டினார்கள். சிறுத்தைக்குக் கூப்பிடுகிற வேலையும் மிச்சமாயிற்று.

மாராத்தாள் புருசன் இல்லாதவள். கொஞ்சம் வெள்ளாடு, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்கள். அவளுக்கு இருந்தது அவ்வளவுதான். அண்ணன் வெள்ளையன், தங்கை செவலை. வெள்ளையனை முளையில் கட்டும்போது அது சொன்னது:

"ஆத்தா, அவுத்து உடு. ஓடவாவது செய்வேன், கடிக்கவாவது செய்வேன்."

"அவுத்து உட்டா அவன் என்ற குரல்ல கூப்புடுவான். நீ போயிருவ."

"போவேன்தான். கட்டிப்போட்டா அவனே வருவான்."

வந்தான். மாராத்தாள் கம்பை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது. முளை இருந்தது, கயிறு இருந்தது, கயிற்று நுனியில் அறுந்த பட்டை இருந்தது. நாய் இல்லை.

விடிந்ததும் ராக்கியப்பன் வந்து பார்த்தான்.

"இன்னொண்ணு இருக்குதில்ல. அதைக் கட்டு."

"கட்ட மாட்டேனுங்க."

"இங்க நாய் இல்லீனா அது என்ற பட்டிக்கு வரும். பொழுது சாயறதுக்குள்ள கட்டு. இல்லீனா நானே வந்து கட்டுவேன்."

அவன் போன பிறகு மாராத்தாள் அறுந்த பட்டையைக் கையில் எடுத்தாள். பல் இறங்கிய ஓட்டைகள். மற்ற பட்டிகளுக்கு நடந்தாள், அங்கங்கே மிஞ்சிக் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை தொண்டைப் பக்கம். சிறுத்தைக்குக் கடிக்கத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று.

செத்துப்போன புருசன் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். அவனுடைய ஆணிகள் மூலையில் கிடந்தன. புதுத் தோல் எடுத்து, சுற்றிலும் லாட ஆணிகளை அடித்து இறக்கினாள். கூர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

செவலை வந்து பார்த்தது. "எனக்கா?"

"ஆணி நிக்குமா வளையுமான்னு எனக்கே தெரியாது. தெரியாததை உன்ற கழுத்துல போட மாட்டேன். ஒருத்தனைக் கட்டிக் கொடுத்தது போதும்."

"அப்புறம் யார் கழுத்துல?"

பட்டையைத் தன் கழுத்தில் போட்டு இறுக்கினாள். கம்பளியைத் தலையோடு மூடினாள்.

"ஆத்தா, உனக்கு வால் இல்லையே."

"இருட்டுல செத்த நேரத்துக்கு வாலை யார் தேடப் போறா. இங்க பாரு. நீ முள்வேலிக்குப் பின்னால கிட. உன்னைக் கட்டல. என்ற குரல் கேட்டா வராதே. அது நான் இல்ல. நான் வாயே திறக்க மாட்டேன்."

பொழுது சாய்ந்தது. மாராத்தாள் முளையடியில் நாய் மாதிரிச் சுருண்டு கிடந்தாள். கயிற்றைச் சும்மா மேலே போட்டிருந்தாள்.

புதருக்குள்ளிருந்து அவள் குரலே வந்தது. "செவலை, வா சாமி. கஞ்சி ஊத்தறேன்."

செவலை தரையோடு ஒட்டிப் படுத்தது. அசையவில்லை.

"கட்டித்தான் வெச்சிருக்காங்க போல" என்று சிறுத்தை சிரித்தது. பாய்ந்தது. கம்பளியோடு கழுத்தைக் கவ்வியது.

ஆணி அண்ணத்தில் ஏறியது, நாக்கில் ஏறியது. ஒன்று தொண்டைக்குள் முறிந்து நின்றது. வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. முன்னங்காலால் அவள் இடது தோளைக் கிழித்தது. எலும்பு தெரிந்தது. மாராத்தாள் கத்தவில்லை. கத்தினால் செவலை எந்தக் குரலை நம்பும்?

செவலை குரலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணால் பார்த்தது, வந்தது. சிறுத்தையின் பின்னங்கால் நரம்பைக் கவ்வித் தொங்கியது. சிறுத்தை வாயைப் பிய்த்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பாறைக்கு ஓடியது.

பாறையில் நின்று மாராத்தாள் குரலில் கூப்பிட்டுப் பார்த்தது. ராக்கியப்பன் குரலில் பார்த்தது. கடைசியில் தன் சொந்தக் குரலில் பார்த்தது. ரம்பம் மரத்தை அறுக்கிற சத்தம்தான் வந்தது.

அந்தச் சத்தம் எல்லாப் பட்டிக்கும் கேட்டது. காலையில் ராக்கியப்பன் தன் நாய்களின் பட்டைகளிலும் ஆணி அடித்துக்கொள்ள அவற்றை அள்ளிக்கொண்டு வந்து நின்றான். மாராத்தாளின் இடது கை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. "நீ பிடி, நான் அடிக்கறேன்" என்றாள். அவன் பிடித்தான்.

"கயிறு எந்தப் பக்கம் கட்டறதுங்க, அம்மிணி?"

"கயிறு வேணும்னா உன்ற கழுத்துல கட்டிக்க."

அவன் கயிற்றைக் கீழே போட்டான். இதனால் வெள்ளையன் திரும்பி வந்துவிடவில்லை.

அன்று முதல்தான் சிறுத்தை மலையில் ரம்பம் அறுக்கிறது. நாயும் குரலை மட்டும் நம்பி வாலாட்டுவதில்லை, மோந்து பார்த்த பிறகுதான் ஆட்டுகிறது. காட்டோரப் பட்டி நாயின் கழுத்தில் ஆணிப்பட்டை உண்டு, கயிறு கிடையாது. அதைச் செய்தது ராக்கியப்பன் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவன் பிடித்துக் கொடுத்தான், அவ்வளவுதான். அடித்தவள் மாராத்தாள்.