நூற்றிருபது மில்லிவோல்ட்

பாளையங்கோட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தாள் ஷாஹிதா. முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்த சுடலைமுத்து அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். வயதில் அவள் பாதிதான், வித்தையில் மலை. அதை ஊரறியச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை.

"நீங்க தனியா முடிக்கிற முதல் மெஷின் ரிப்பேர்னு திரும்பி வரலைன்னா, உங்களுக்குத் தனி மேசை அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தாள்.

அந்த மெஷின் வந்தது. ஓர் ஆய்வு மாணவியுடையது; தோசைக்கல்லாய்ச் சுட்டது. சுடலைமுத்து தூசி தட்டினார். பிராசஸருக்குப் போகும் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்தார். வேகம் குறையவில்லை, சூடு இறங்கியது. ஐம்பது மில்லிவோல்ட், எண்பது, நூற்றிருபது. ஃபேன் அடங்கியது, பேட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றது. ஆசை யாரை விட்டது?

"டீச்சரம்மா, மூணு மணி நேரம் முழு லோடு குடுத்துப் பாத்துட்டேன். அசையலை. சாயங்காலம் குடுத்திரலாமா?"

ஷாஹிதா தொட்டுப் பார்த்தாள். "நல்லா பண்ணியிருக்கீங்க." ஓடிய வேலையை எல்லாம் நிறுத்தினாள். "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

"டெஸ்ட்?"

"இனிமேதான்."

திரும்பி வந்தபோது மெஷின் செயலிழந்து, திரை நீலமாகி நின்றிருந்தது. சுடலைமுத்து நாற்காலியை இழுத்துத் திரைமுன் உட்கார்ந்தார்.

"ஓடும்போது தாங்கினது, சும்மா இருக்கையிலயா விழும்?"

"சும்மா இருக்கும்போது அது வாங்குறதே கொஞ்சம் அண்ணாச்சி. அதுலயும் நூத்திருபதைப் பிடிச்சா நிக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ பழையபடியே வச்சிரவா?"

"வெந்து சாகட்டும்னா?"

தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருஷமாகச் சத்தமில்லாமல் ஓடுவது. அதில் அவள் குறைத்திருந்தது அறுபது மில்லிவோல்ட்தான்.

"இது எவ்வளவு தாங்கும்?"

"தொண்ணூறு."

"பிறகு ஏன் அறுபதோட விட்டீங்க?"

"தொண்ணூறு மார்கழியில பாத்தது. சித்திரையும் வரும்லா?"

என்ன பிள்ளை இவள் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

சாயங்காலம் மாணவி வந்தாள். நூற்றிருபதை எழுபதாக்கி, மெஷினைச் சும்மா ஓடவிட்டு டெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தார் சுடலைமுத்து.

"திங்கக்கிழமை ஆய்வேடு குடுக்கணும் அங்கிள்."

"அதனாலதாம்மா. ரெண்டு நாள் விடு. இன்னைக்கு இதை நானே கெடுக்கப் பாத்தேன்."

மாணவி முணுமுணுத்துக்கொண்டே போனாள். தனி மேசை போயிற்று என்று சுடலைமுத்து குனிந்து உட்கார்ந்தார். ஷாஹிதா எழுந்து, ஜன்னலோரத்து மேசையிலிருந்த தன் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள்.

"டீச்சரம்மா, அது இன்னும் கடையை விட்டே போகலையே!"

"நீங்க போகவிடலையே அண்ணாச்சி. பிறகு எங்க திரும்பி வர?"