வட்டில் மூழ்கும் முன்

மார்கழி மாதம், கதிர் பால் பிடிக்கும் பருவம். பனி விலகாத காலைப் பொழுது. மடத்துத் தலைவி தவமணியம்மை முன் வைரவநாதர் வந்து நின்றார். சீடர்தாம், ஆனால் வயதில் அவருக்குத் தந்தையாகத் தக்கவர்.

"அம்மா, நம் வயல் வெடித்துக் கிடக்கிறது. இப்படியே போனால் கதிரெல்லாம் பதராகும். அன்னதானத்துக்கு நெல் இராது."

"முறைத் தண்ணீர் வருகிறதே?"

"குறைந்து வருகிறது. நானும் கரையில் நின்று கவனித்துவிட்டேன். நீர்பாய்ச்சி உடையப்பன் திருடுகிறான்."

"யாருக்காக?"

"அதுதான் பிடிபடவில்லை. தினமும் உச்சிவேளையில் நம் மடத்துச் சோற்றை உண்கிறான். நம் வாய்க்காலிலேயே கை வைக்கிறான்."

கண்மாய் நீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சிக்கு அந்தப் பாசனத்தில் சொந்த நிலம் இருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒரு வயலுக்கு மடை திறந்ததும், அடியில் துளையிட்ட செப்பு வட்டிலைத் தொட்டி நீரில் மிதக்கவிடுவார். அது நிறைந்து மூழ்கியதும் மடையை அடைத்து, அடுத்த வயலுக்குத் திருப்புவார்.

"உங்களுக்கும் நிலமில்லை," என்றார் அம்மை. "ஊரிடம் சொல்லிவிடுகிறேன். இன்றைய முறையை நீங்கள் பாய்ச்சுங்கள்."

வைரவநாதர் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே குந்தியிருந்தது.

"சாமியார் வட்டிலுக்குத் திருநீறு பூசித்தான் மிதக்கவிடுவாரோ?" என்றார் ஒருவர்.

"பூசட்டும். துளையில் பூசாமலிருந்தால் சரி," என்றாள் மேல்வயல்காரி ஒருத்தி.

சிரித்தார்கள். ஆயினும் எவர் கண்ணும் அவர் கையை விட்டு அகலவில்லை.

மற்ற வயல்களுக்கு முறை பிசகவில்லை. மடத்து வயலுக்குத் திறந்தபோது கரையில் பேச்சு நின்றது. வட்டில் முக்கால்தான் நிறைந்திருந்தது. வைரவநாதர் மடையை அடைத்துவிட்டார்.

"ஏன் சாமி, அதற்குள்?"

"போதும்."

"போதுமாம். அப்படியென்றால் வேறு வழியில் பாய்ச்சிக்கொண்டார்கள்," என்றாள் மேல்வயல்காரி.

பொழுது சாய அவர் மடத்துக்குத் திரும்பினார்.

"நம் வயல் நனைந்ததா?"

"அரைகுறைதான், அம்மா. நானே முன்னதாக அடைத்துவிட்டேன்."

"ஏன்?"

"மடத்து ஆள் மடத்துக்கே பாய்ச்சிக்கொண்டான் என்று ஒரு பேச்சு வரக் கூடாதே. நம் சோற்றை உண்பவன் பாய்ச்சினாலும் அதே பேச்சுத்தானே..."

அவர் குரல் இறங்கிற்று. பிறகு கேட்டார்:

"உடையப்பனிடம் நான் என்ன சொல்வது?"

"நீங்கள் வட்டிலைப் பார்த்து அடைக்கவில்லை, கரையிலிருந்த முகங்களைப் பார்த்து அடைத்தீர்கள்," என்றார் அம்மை. "உடையப்பன் அடைத்த நாள்களில் அங்கே உங்கள் முகமும் இருந்தது."



தை அறுவடையில் மடத்து வயலில் பாதி பதர். நெல் தூற்றி முடிந்த அன்றே, விளைச்சல் குறைவென்று ஒரு பிடியும் குறைக்காமல், உடையப்பனுக்கு உரிய கூலி நெல்லை ஊரார் பார்த்திருக்க வைரவநாதரே அளந்து கொடுத்தார்.