ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கு?

குருன்னா தாடி இருக்கணும்னு எவன் சொன்னான். பாளையங்கோட்டையில மாவு மில்லு மாடியில ஒரு குரு இருந்தாங்க. பேரு ரெஜினா டீச்சர், முப்பத்தோரு வயசு. தாடி சிஷ்யருக்குத்தான். சங்கரபாண்டி அண்ணாச்சி, அம்பத்தஞ்சு வயசு. டெலிபோன் ஆபீஸ் வேலைய விட்டுட்டு வந்து டீச்சர்கிட்ட புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டவரு.

இவங்களும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து ஒரு சாப்ட்வேர் பண்ணியிருந்தாங்க. கண்ணு தெரியாதவங்களுக்குத் தமிழ்ப் புஸ்தகத்த வாய்விட்டு வாசிச்சுக் காட்டும். காசு கெடையாது. உள்ள எழுதியிருக்குற புரோகிராமையும் தொறந்தே போட்டிருந்தாங்க. யாரு வேணா பாக்கலாம், யாரு வேணா மாத்தலாம்.

போன வாரம் அதுல புதுசா ஒண்ணு மாத்தி விட்டாங்க. மாத்துனது அண்ணாச்சி. அன்னையிலேர்ந்து இசக்கியம்மாள்னு ஒரு புள்ள வீட்டுல அது ஊமையாப் போச்சு. அந்தப் புள்ளைக்குப் பொறவியிலயே பார்வை இல்ல. ஞாயித்துக்கெழம வாத்தியார் வேலைக்குப் பரீட்சை. இன்னைக்குப் புதன்.

மூணாவது தடவையா இசக்கியம்மாள் போன் பண்ணுனா. அண்ணாச்சி ஸ்பீக்கர்ல போட்டாரு.

"இந்தா பாரும்மா, ஸ்க்ரீன்ல செவப்பா ஒரு வரி வந்திருக்கும். அத அப்படியே வாசிச்சு எனக்கு எழுதி அனுப்பு."

இசக்கியம்மாள் சட்டுன்னு கேட்டா.

"சார், அத வாசிக்க முடிஞ்சா உங்க சாப்ட்வேர் எனக்கு எதுக்கு சார்?"

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. "ஞாயித்துக்கெழம எனக்குப் பதிலா நீங்க போயி எழுதுறீங்களா?"ன்னும் கேட்டுட்டா.

அண்ணாச்சி கட் பண்ணி செல்ல மேசையில எறிஞ்சாரு.

"டீச்சர், ஒரு கேள்வி. இத நாம யாருக்குப் பண்றோம்?"

"நீங்களே சொல்லுங்க."

"வேலை தெரிஞ்சவனுக்குப் பண்ணணும். அவன் எடுப்பான், கெட்டா அவனே சரி பண்ணி நமக்கும் அனுப்புவான். ஒண்ணுந் தெரியாதவங்களுக்குக் குடுத்தா இதான் கதி. ஓசியிலயும் குடுக்கணும், ஏச்சும் வாங்கணும். எம் பொண்டாட்டிகூட என்னை இப்படி ஏசுனதில்ல."

"பொய் சொல்லாதீங்க. அவங்க ஏசுனது செல்லுல எனக்கே கேட்டிருக்கு."

"வெளையாடாதீங்க டீச்சர். ரெண்டு வருசமா பைசா வாங்காம ஒழைக்கேன். நான் என்ன இவ வீட்டு வேலைக்காரனா?"

டீச்சர் மூஞ்சி மாறிருச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டாங்க.

"நீங்க சொல்றதுதான் சரி. உக்காருங்க. நம்ம வெப்சைட்ட மாத்திருவோம். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

அண்ணாச்சி சந்தோசமா உக்காந்தாரு.

"இது நாங்க நாலு பேரு எங்களுக்குப் பண்ணிக்கிட்டது. புரோகிராம் எழுதத் தெரியாதவங்க தொடாதீங்க. அடிச்சாச்சா?"

"ஆச்சு."

"மேல பெருசா, கண்ணு தெரியாதவங்களுக்குன்னு போட்டிருக்குல்ல, அத அழிங்க."

கை நின்னுபோச்சு.

"அழிங்க அண்ணாச்சி. நம்ம நாலு பேருக்கும்தான் கண்ணு நல்லாத் தெரியுதே."

"அத அழிச்சா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்களே."

"நல்லதுதான. ஏச்சு வராது."

"ஒருத்தரும் எடுக்காட்டி நாம எதுக்கு டீச்சர் இத..."

பாதியில நிறுத்திட்டாரு. மாட்டிக்கிட்ட மனுசனுக்கு ஒரு கோவம் வருமே, அது வந்துச்சு.

"சரி, நான் மாத்துறதுக்கு முந்தி இருந்த பழசையே திருப்பி ஏத்தி விடுதேன். அவளுக்கு இன்னைக்கே வாசிக்கும். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

"பெரிய வேலை இல்லியா? அப்ப எதுக்கு அந்தப் புள்ளைய மூணு தடவ போன் பண்ண விட்டீங்க?"

அண்ணாச்சி பழச ஏத்துனாரு. அரை மணி நேரத்துல இசக்கியம்மாள்கிட்டேர்ந்து 'வாசிக்குது'ன்னு ஒத்த வார்த்தையில மெசேஜ் வந்துச்சு.

"பாத்தீங்களா, ஒரு நன்றி கெடையாது. சரி, போவுது. அவளுக்குத்தான் பண்றோம்னே வச்சுக்குவோம். என்ன கோளாறுன்னு அவ சொல்லலேன்னா புதுச நான் எப்படி சரி பண்ணுவேன்? நான் என்ன ஜோசியனா?"

"என்ன கோளாறுன்னு சாப்ட்வேருக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதான் செவப்பா எழுதிக் காட்டுதே."

டீச்சர் எந்திரிச்சாங்க.

"ஊருல உள்ள புஸ்தகத்தையெல்லாம் சத்தமா வாசிக்க அதுக்குக் கத்துக்குடுத்தீங்க. அதோட தப்ப மட்டும் ஏன் சத்தமில்லாம எழுதிக் காட்டச் சொன்னீங்க? அந்த வரிய யாரு கண்ணுக்கு எழுதுனீங்களோ, அந்த ஆளுக்குத்தான் அண்ணாச்சி இன்னை வரைக்கும் இத நீங்க பண்ணியிருக்கீங்க."