ஊற்றுக்குழியிலிருந்து ஒரே ஓட்டம்

ஒரு காட்டில் கோடை முற்றி ஆறு வற்றிப்போயிற்று. யானைகள் தண்ணீருக்காக ஆற்றுமணலைத் தோண்டி, ஆழமான ஊற்றுக்குழி ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போயின. சுற்றிலும் சட்டி மாதிரிச் சரிவு. தண்ணீர் குடிக்க வந்த தாய்முயல் ஒன்று அதில் சறுக்கி விழுந்தது.

மேலே புதரில் அதன் மூன்று குட்டிகள் பாலுக்குக் காத்திருந்தன. பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை, பாவம்!

முயல் அவசரமாக ஏறியது. பாதிச் சரிவில் மூச்சு வாங்க நின்றது. காலடி மணல் பொலபொலவென்று சரிய, பழையபடி அடியில் வந்து கிடந்தது.

கரையில் ஒரு குரங்கு இருந்தது. கேட்காமலே யோசனை சொல்வதில் குரங்கை மிஞ்ச ஆள் உண்டா?

"எதற்குப் பறக்கிறாய்? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கொஞ்சம் ஏறு, நில், மறுபடி கொஞ்சம் ஏறு" என்றது.

முயல் அப்படியே செய்தது. அம்மி நகருமோ என்னவோ, மணல் நன்றாகவே நகர்ந்தது. இந்த முறை கால்வாசி உயரம்கூட ஏற முடியவில்லை.

குழிக்குள் தவளை ஒன்று தனியாக வாழ்ந்துவந்தது. அதற்கு முயலை மிகவும் பிடித்துப்போயிற்று. முயல் ஏறும்போதெல்லாம், "அக்கா, பார்த்து!" என்று கூப்பிடும். முயல் திரும்பிப் பார்க்கும். வேகம் குறையும். மணல் கீழே இழுத்துவிடும்.

"இங்கேயே இருந்துவிடேன் அக்கா. தண்ணீர் இருக்கிறது. நானும் இருக்கிறேன்."

"என் பிள்ளைகள் பசியில் துடிக்குமே, தங்கச்சி" என்று முயல் அழுதது.

தவளைக்கு நெஞ்சு இளகிவிட்டது. சற்று நேரம் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் வேகம் குறைந்தால்தான் மணல் உன்னை இழுக்கிறது. அடியில் ஈரமணல் கெட்டியாக இருக்கிறது. இங்கேயே சுற்றிச் சுற்றி ஓடு. முழு வேகம் வந்ததும் மேலே பாய்ந்துவிடு. கரை தாண்டும்வரை நிற்காதே. இந்த முறை நான் கூப்பிடமாட்டேன்."

முயல் ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. காது இரண்டும் முதுகோடு படிந்தன. சட்டென்று சரிவில் ஏறியது. மணல் சரிந்தது, ஆனால் சரிந்த இடத்தில் முயல் இல்லை. தவளை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

"கரை ஏறிவிட்டாயா, அக்கா?"

"ஏறிவிட்டேன், தங்கச்சி!"

"சரி, பிள்ளைகளிடம் போ" என்றது தவளை. பிறகுதான் அழுதது.

நீதி: அரை வேகம் பள்ளத்துக்கே திரும்பும்; போக வேண்டியவர்களை முழு வேகத்தோடு போகவிடுவதே அன்பு.