ஒன்பது வளைக்கு ஓர் இலை

ஏரிக்கரையின் அடியில் பதினான்கு எலிக் குடும்பங்கள் வளை தோண்டி வாழ்ந்தன. ஒரு நாள் விடாமல் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, தண்ணீர் வளைகளுக்குள் புகத் தொடங்கியது.

பக்கத்துக் குன்றில் காலி வளைகள் நிறைய இருந்தன. ஆனால் நினைத்த வளையில் போய்ப் புகுந்துவிட முடியாது. எது காலி, எதில் சாரைப்பாம்பு படுத்திருக்கிறது என்பது குன்றைக் காவல் காத்த முள்ளம்பன்றி ஒருத்திக்குத்தான் தெரியும். தன் குகைத் தரையில் அவள் வளைக்கு ஒரு சின்னக் குழி தோண்டி வைத்திருந்தாள். ஆள் இருக்கும் வளையின் குழியில் ஒரு கூழாங்கல் கிடக்கும்.

எலிகளின் தலைவர் வாலாண்டார். அவருக்கு நீண்ட வால், அதைவிட நீண்ட பெருமை. குகைக்குப் போய்க் கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் மூச்சிரைக்கக் குன்றேறி, குகை வாசலில் மூன்று கும்பிடு போடுவார். முள்ளம்பன்றி முள்ளையெல்லாம் மடக்கி, வாசல் கல்லை மெல்ல நகர்த்தி வெளியே வருவாள். வாலாண்டார் ஒரே ஒரு வளை கேட்பார். அவள் உள்ளே போய்க் குழியைப் பார்த்து, கல்லைப் போட்டுவிட்டு, "போகலாம்" என்பாள். மறுபடி மூன்று கும்பிடு. பிறகு இறங்கி வந்து அடுத்த குடும்பத்துக்காக மறுபடியும் ஏறுவார்.

ஒரு நடைக்கு ஒரு வளை. இந்த விதியை யார் போட்டது? யாருக்கும் தெரியாது. கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை!

ஐந்து குடும்பங்கள் போய்ச் சேர்வதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. மிச்சம் ஒன்பது. கரைக்குக் கடைசியாகக் குடிவந்தவள் சாமை என்ற தாய் எலி. அதனால் வரிசையிலும் அவள்தான் கடைசி. அவள் வளையோ எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. உள்ளே கண் திறக்காத நான்கு குட்டிகள்.

"அண்ணே, தண்ணி என் வாசலுக்கு வந்துடுச்சு! ஒன்பதையும் சேர்த்துக் கேளுங்கன்னு காலையிலிருந்து கத்துறேனே!" என்றாள் சாமை.

"சேர்த்துக் கேட்கிறதா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா!" என்றார் வாலாண்டார்.

"என் குட்டிங்க முங்கிப் போறது மட்டும் மரியாதையா?"

"வரிசைப்படி வா!" என்று அவர் ஆறாவது நடைக்கு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

சாமை ஒரு தேக்கிலையை இழுத்தாள். குன்றை அண்ணாந்து பார்த்து, காலியாகத் தெரிந்த வளைகள் இருந்த இடத்துக்குத் தக்கபடி இலையில் ஒன்பது ஓட்டை கடித்தாள். "நான் வந்து சொல்றவரைக்கும் யாரும் எந்த வளைக்குள்ளேயும் கால் வைக்காதீங்க!" என்று கத்திவிட்டு, தலைவரைத் தாண்டி ஓடினாள்.

குகை வாசலில் அவள் கும்பிடவில்லை. கல்லைத் தட்டினாள். வெளியே வந்த முள்ளம்பன்றியிடம் இலையை நீட்டி, "அக்கா, ஒன்பதும் வேணும். ஒண்ணாப் பார்த்துச் சொல்லுங்க!" என்றாள்.

முள்ளம்பன்றிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சாமை மேல் அல்ல. "இதைக் காலையிலேயே கொண்டுவந்தா என்ன? குழியைப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். முள்ளை மடக்கி, கல்லைத் தள்ளி வெளியே வர்றதுக்குள்ளதான் இடுப்பு ஒடியுது! ஒவ்வொண்ணா வான்னு நான் எப்போ சொன்னேன்?"

அவள் இலையோடு உள்ளே போனாள். டக் டக்கென்று கற்கள் விழுந்தன. "எட்டு சரி. உச்சியில இருக்கிறதுல சாரை படுத்திருக்கு. அதுக்குப் பதிலா பாறைக்குக் கீழே இருக்கிறதை எடுத்துக்கோ. ஓடு!"

அதற்குள் வாலாண்டார் என்ன செய்தார் தெரியுமா? 'இலை போயாச்சு, இனி ஒன்பதும் நம்முடையதுதான்' என்று இருப்பதிலேயே உயரமான வளையாகப் பார்த்து முதல் ஆளாய்ப் புகுந்தார். இத்தனை நேரம் முறை பேசிய அதே வாலாண்டார்தான்! உள்ளே சாரை சீறியது. அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தவரின் பாதி வால் அங்கேயே போயிற்று.

சாமை இறங்கி வந்து சொன்னதும், வாலாண்டாரின் குடும்பம் உட்பட, காத்திருந்த எட்டுக் குடும்பங்களும் வளைக்கு ஒன்றாக ஏறிக்கொண்டன. அவள் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, பாறைக்குக் கீழிருந்த வளைக்குத் தூக்கினாள். நான்காவது குட்டியை எடுக்கும்போது தண்ணீர் அவள் கழுத்தளவு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். பழைய வளை இருந்த இடமே தெரியவில்லை.

வாலாண்டார் மிச்ச வாலை நக்கிக்கொண்டே, "ஏம்மா, இப்படி ஒரு வழி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"காலையிலிருந்து சொன்னேன்! கும்பிடு போடுற அவசரத்துல உங்க காதுலதான் விழல!" என்றாள் சாமை, நனைந்த குட்டியை மார்போடு அணைத்தபடி.

ஒரே நடையில் சேர்த்துக் கேட்கக்கூடியதை ஒன்பது நடையாக இழுப்பது மரியாதையும் அல்ல, பதில் வருமுன்னே கால் வைப்பது வேகமும் அல்ல.